பெருவிரலுக்கு மேலே மூன்று விரல் இடம்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நம்பிக்கையானவர்கள் என்று நீங்கள் நினைக்கிறவர்களுக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் அடுப்பில் வைத்துவிடுங்கள். நாளை மெம்பர் ஐயாவின் பதினாறாம் நாள். கருமாதி முடிந்ததும் பாடசாலை மண்டபத்தில் ஓர் அஞ்சலி வாசிப்பார்கள். அதை எழுதியதும் நான்தான். ஐயாவின் தம்பி சொல்லச் சொல்ல எழுதினேன். "தோட்டத்து மக்களின் காவல் தெய்வம்" என்று அது தொடங்கும். அதைக் கேட்டு நீங்கள் அழுதால் நான் தவறாக நினைக்கமாட்டேன். ஆனால் ஐயாவைத் தெரிந்தவர்கள் நீங்கள். அது ஒன்று மட்டும் உங்கள் காதில் விழுந்தால் போதாது என்று தோன்றியது. அதனால் இதைக் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதில் என் பெயர் இருக்காது.

செய்தி வந்தபோது எங்களுக்குக் கணித பாடம். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் பாடம் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். பாடசாலை அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "எல்லாரும் எழும்புங்க. நம்ம மெம்பர் ஐயா தவறிட்டாரு" என்றார். எழுந்து நின்றோம். பின்வரிசையில் ஒருத்தி மெதுவாக, "அப்ப லீவா சேர்?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அதிபர் திட்டவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அழுகையை மறைத்தாரா, வேறெதையாவது மறைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தபோது றப்பர் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் வாளிகளைக் கழுவிக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தார்கள். ஐயா குளித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். யாரும் அழவில்லை. என் அம்மா முதலில் கேட்டது இதுதான்:

"அப்ப நம்ம வெரலெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு?"

"ஏன், திருப்பிக் குடுப்பாங்கன்னு பாக்கிறியா?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பாப்பாத்தி அக்கா. "அந்தாளுதான் செத்தாரு. தாளு சாகாது."

தோட்டத்தில் நம் டிவிஷனுக்கு வெளியே ஐயாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்காமல் இருக்கலாம். ஐயா லயத்துக்கு வந்தால் அவருடைய டிரைவர் பின்னாலேயே ஒரு கட்டு ஃபுல்ஸ்காப் தாளும் மைப்பெட்டியும் கொண்டுவருவார். கூரைத் தகரம் ஓட்டை, வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு ஆயா இல்லை, ரோட்டில் அம்புலன்ஸ் ஏற முடியவில்லை, எதைச் சொன்னாலும் ஐயா முதலில் தாளைத்தான் நீட்டுவார். தாளில் ஒன்றும் எழுதியிருக்காது. வரிசையாக வந்து கீழ்ப்பக்கத்தில் பெருவிரலை அழுத்திவிட்டுப் போகவேண்டும். "மேட்டர அப்புறம் எழுதிக்கலாம். வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு உங்கள எதுக்கு லேட்டாக்கணும்?" என்பார். கையெழுத்துத் தெரிந்தவர்களும் கைநாட்டுத்தான் வைக்கவேண்டும். அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. "விஷயம் நாளைக்கு மாறும். கையெழுத்தும் மாறும். வெரல் மாறாது."

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அரிசி மூட்டைத் தாளில் எழுதி எழுதிப் பழகினாள். ஒருநாள் வரிசையில் நின்றபோது, "ஐயா, எனக்கு எழுத வருங்க" என்று பேனையைக் கேட்டாள். ஐயா கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் எழுத்தை எழுதி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனையை உருவியெடுத்து, அவள் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினார்.

"பால் வாளி தூக்குற கைக்குப் பேனா எதுக்குடி? அடுத்த எலெக்ஷன்ல எனக்கு எதிரா நிக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் எழுதிய "ச" என்ற ஒற்றை எழுத்தின்மேல் பாதி ஏறியபடி அவளுடைய பெருவிரல் பதிந்தது. அதற்குப் பிறகு அவள் பேனையைத் தொடவில்லை.

அவர் எங்கிருந்தோ வந்தவர் அல்ல. நம் கீழ் டிவிஷனில், இப்போது கூரை விழுந்து கிடக்கிற லயத்தில் பிறந்தவர். பதினாலு வயதில் றப்பர் மரத்தில் கத்தி வைத்தவர். பிறகு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். பிறகு இரண்டு முறை மாகாண சபை மெம்பர். சபையில் என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை நான் கேட்டேன். "ரெண்டே தடவதான் பேசியிருக்கேன். ஒண்ணு சத்தியப்பிரமாணம். இன்னொண்ணு, என் தலைக்கு மேல காத்தாடி சுத்தலைன்னு சொன்னது" என்றார். "மிச்ச நேரம் கையத் தூக்குவேன். நான் அங்க கையத் தூக்குறேன், நீங்க இங்க வெரல வைங்க. அவ்வளவுதான் அரசியல்." அதைச் சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

அவரைக் கோழை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், பஜாரிலிருந்து ஒரு கூட்டம் தடிகளோடு லயத்துக்கு ஏறி வந்தது. நாங்கள் றப்பர் மரங்களுக்குள் ஓடிப் படுத்துக்கொண்டோம். ஐயா இடுப்பில் கட்டிய சாரத்தோடு ரோட்டு வளைவில் தனியாக நின்றார். சிங்களத்தில் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் வாங்கிக் கொடுத்தது யார், உன் தம்பிக்கு பஸ் டிப்போவில் வேலை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார். ஒருவன் எறிந்த கல் அவர் நெற்றியில் பட்டது. அவர் துடைக்கவில்லை. கூட்டம் திரும்பிப் போனது. நாங்கள் உயிரோடு இருப்பது அதனால்தான். மறுநாள் காலையில் நெற்றியில் பிளாஸ்டரோடு வந்தார். டிரைவர் தாள்கட்டோடு பின்னால் வந்தார். "நேத்து நான் நின்னேன். இன்னைக்கு நீங்க வைங்க" என்றார். அன்று எத்தனை தாள்களில் வைத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது தண்ணீர் டாங்கி திறப்பு விழாவில். அந்த டாங்கிக்காகப் பெண்கள் மூன்று வருடம் அலைந்தார்கள். பாப்பாத்தி அக்கா ஒருமுறை அவர் முன்னால் அழுதுவிட்டாள். ஐயா அவள் கண்ணீரை விரலால் தொட்டுக் கூட்டத்துக்குக் காட்டி, "இந்தா, தண்ணி வந்துருச்சே! இனி எதுக்கு டாங்கி?" என்றார். அதற்குப் பிறகு அவர் முன்னால் யாரும் அழுததில்லை. கடைசியில் டாங்கி வந்தது. திறப்பு விழாவில் நான் தமிழிலும் சிங்களத்திலும் வரவேற்புரை சொன்னேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐயா மேடையிலிருந்து இறங்கி வந்து என் கொப்பியை வாங்கிப் புரட்டினார். நான் என்ன எழுதியிருந்தேன் என்று அவர் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கே. சனிக்கெழம காரியாலயத்துக்கு அனுப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கும்பிட்டாள்.

காரியாலயம் என்பது பஜாரில் அவருடைய வீட்டின் முன்னறை. மூன்றரை வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே உட்கார்ந்து, நீங்கள் வைத்த கைநாட்டுகளுக்கு மேலே நான் எழுதினேன். இதைத்தான் இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை. ஐயா தமிழில் சொல்லுவார், நான் சிங்களத்தில் எழுதுவேன். அதில் ஓர் அளவு இருந்தது. எழுத்து முடியும் இடத்துக்கும் முதல் வரிசைக் கைநாட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடம் இருக்கவேண்டும். கூடினால், "அந்த எடத்துல எவனாவது எதையாவது எழுதிருவான்" என்பார். குறைந்தால், "வெரல் வச்சப்புறம் எழுதினதுன்னு குருடனுக்கும் தெரியும்" என்பார். விஷயம் சீக்கிரமாக முடிந்துவிட்டால் மீதி வரிகளை நான் நிரப்பவேண்டும். மிகவும் தாழ்மையுடன், ஏழைத் தொழிலாளர்களாகிய எங்கள் நிலையைக் கருத்திற்கொண்டு என்று இழுப்பேன். சிங்களத்தில் அதற்கு நீளமான சொற்கள் நிறைய உண்டு. நான் அதில் கெட்டிக்காரி. என் மூன்று விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு ஐயா தலையாட்டுவார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த வித்தையை யாரிடம் கற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மழை நாள், வேறு யாரும் இல்லை. "எங்கப்பன் ஒரு வெள்ளத்தாள்ல வெரல் வச்சான். கணக்கப்புள்ள கேட்டான்னு வச்சான். அடுத்த மாசம் எங்க காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நீதானய்யா விட்டுத்தாரேன்னு வெரல் வச்சேன்னு தாளக் காட்டுனாங்க. ஆறு மாசம் மாட்டுக் கொட்டகையில கெடந்தோம். தங்கச்சி அங்கதான் செத்துச்சு" என்றார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்கு மூஞ்சிய அப்பிடி வச்சிருக்க? தாளோட பலம் எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. எங்கப்பன் அழுதான். நான் படிச்சுக்கிட்டேன்."

சத்தியன் சேர் நம் பாடசாலைக்கு வந்தது போன வருடம். கணிதம் படிப்பித்தார். அவருடைய அப்பா கலவானப் பக்கத்துத் தோட்டத்து ஆள். கலவரத்தில் வீட்டை இழந்து வடக்கே வன்னிக்குப் போனவர்கள். சேர் அங்கே பிறந்ததால் அவருடைய அடையாள அட்டையில் அந்த ஊர் இருந்தது. வன்னி என்றாலே பொலிசுக்குச் சந்தேகம்தான், ஆனால் எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளுக்குக் கக்கூசு வேண்டும் என்று கேட்டார்கள். ஐயா வழக்கம்போல வெள்ளைத்தாளை எடுத்தார். அப்போது சேர் எழுந்து, "ஐயா, என்ன எழுதப் போறீங்கன்னு மொதல்ல வாசிச்சுக் காட்டிட்டு வாங்கினா நல்லது" என்றார்.

"சேர் கணக்கு வாத்தியார்தானே? கணக்கப் பாருங்க" என்றார் ஐயா. சிரிப்பு எழுந்தது.

சேர் பெற்றோர் பக்கம் திரும்பினார். "போன வருஷம் வச்சீங்களே, அது எதுக்கு?"

"கூரத் தகரத்துக்குன்னு வச்சோம் சேர்" என்றாள் பாப்பாத்தி அக்கா.

"தகரம் வந்துச்சா?"

"எங்க சேர்! ஐயா வீட்டு வாசல்ல கொங்கிறீட் ரோடுதான் வந்துச்சு."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. ஐயா மற்றவர்களைச் சிரிக்கவைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது அன்றுதான். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு தாளை நீட்டினார். சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து, கக்கூசுக்காக விரல் வைத்துவிட்டுப் போனார்கள். பத்தொன்பது பேர்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளைத்தான் ஐயா என் முன்னால் வைத்தார். றம்புட்டான் காலம். ஒரு தட்டு நிறையப் பழத்தை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஆசிரியர் வன்னியிலிருந்து வந்தவர், பிள்ளைகளுக்குத் தேவையில்லாததைச் சொல்லிக்கொடுக்கிறார், முன்பின் தெரியாதவர்கள் வந்து போகிறார்கள், பெற்றோராகிய நாங்கள் பயத்தில் இருக்கிறோம். நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"ஐயா, இது கக்கூசுக்கு வாங்கின கைநாட்டு."

"வெரல்ல கக்கூசுன்னு எழுதியிருக்கா?"

நான் எழுதினேன். விஷயம் முடிந்தபோது இரண்டு வரிக்கு இடம் மீதி இருந்தது. ஐயாவுக்குக் களைப்பாக இருந்தது. "நீயே ஏதாவது போட்டு நெரப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தாழ்மை, ஏழ்மை எல்லாவற்றையும் ஏற்கெனவே மேலே எழுதிவிட்டேன். யோசித்தேன். உண்மையாக ஏதாவது எழுதினால் பாவம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. "எங்கள் பிள்ளைகள் சொல்வதன்படி, இவருடைய அறையில் இரவு நெடுநேரம் விளக்கு எரிகிறது" என்று எழுதினேன். எரிந்தது உண்மை. எங்கள் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. தட்டிலிருந்த பழங்களைத் தின்றேன். இனிப்பாக இருந்தன.

மூன்று கிழமைக்குப் பிறகு, காலையில் இரண்டாம் பாடத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. அதிகாரி வகுப்புக்குள் வந்து ஒரு தாளின் பிரதியை விரித்து, சிங்களத்தில் சத்தமாக வாசித்தார். கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். "இரவில் விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர், வாத்தியார் மஹத்தயா?" என்று கேட்டார். கொப்பி திருத்துவேன் என்றார் சேர். அதிகாரி எங்களைப் பார்த்துச் சிரித்தார். சேர் என்னைப் பார்த்தார். மொத்த வகுப்பையும் பார்த்ததில் என்னையும் பார்த்தார் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. "பதினேழாவது கணக்க முடிச்சு வைங்க. வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு சேர் அவர்களோடு ஜீப்பில் ஏறிப் போனார். நான் இப்போது எழுதுகிற இந்தக் கொப்பியின் முன்பக்கத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. சரியா பிழையா என்று தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஐயா என்னை வாசலிலேயே எதிர்கொண்டார். "பொலிஸ்ல சொன்னாங்க. ஒன் கடைசி வரிதான் வேல செஞ்சுச்சாம். கெட்டிக்காரப் புள்ள" என்று சொல்லி ஒரு புதுப் பேனையைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன்.

அவருடைய சாவு வீட்டுக்குப் பாடசாலையிலிருந்து வெள்ளைக்கொடியோடு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கம்போல அவருடைய இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பெண்கள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த விரல்களையே பார்த்தார்கள். "இப்ப ஒரு தாள நீட்டுனா வைப்பாரா?" என்று பாப்பாத்தி அக்கா அம்மாவின் காதில் சொன்னாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பிணத்தை எடுக்கும் நேரம் எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். நான் முன்னறைக்குப் போய், என் மேசை இழுப்பறையில் இருந்த தாள்களைப் பாடசாலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பதினோரு தாள்கள். ஒன்றிலும் எழுத்து இல்லை. எல்லாவற்றிலும் விரல்கள். ஒன்றில் மட்டும் "ச" என்ற எழுத்தின்மேல் பாதி ஏறிய ஒரு பெருவிரல் இருந்தது.

ஏன் எடுத்தேன் என்று அன்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. சத்தியன் சேரின் மனைவி கைக்குழந்தையோடு லயத்துக்கு வந்தாள். தடுப்புக்காவலில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிற மாதா கோயில் பாதர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார். கருமாதி முடிந்து வருகிற திங்கட்கிழமை விசாரணை. இதைச் சொன்னது நாங்கள் அல்ல என்று அதே பெற்றோர் ஒரு கடிதம் கொடுத்தால் விட்டுவிட வழி இருக்கிறது. இல்லையென்றால் தூரத்து முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு கண்டுபிடிப்பதே கஷ்டம். அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எல்லோரும் உள்ளே இருந்தோம். ஒருவரும் திறக்கவில்லை. குழந்தை அழுகிற சத்தம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் நான் அந்தக் கடிதத்தை ஒரு புதுத் தாளில் எழுதிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். சேர் நல்லவர், முந்திய பெட்டிசனில் இருந்தது எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் அதில் இருந்தது. யாரும் கையை நீட்டவில்லை.

"எழுதின தாளுல வைக்கச் சொல்றியே, ஒனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அம்மா. "எழுதினதுல வெரல் வச்சா அது நம்ம சொன்னதா ஆயிரும்."

"உண்மையத்தானம்மா எழுதியிருக்கேன்."

"உண்மையாவே இருக்கட்டும். நாளைக்கு ஜீப்புல வந்து, நீதானே சொன்னேன்னு கேட்டா?"

பாப்பாத்தி அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "வெள்ளத்தாளு இருந்தாக் கொண்டா, இப்பவே வைக்கிறேன். எவனாவது கேட்டா, நா வைக்கிறப்ப அதுல ஒண்ணுமே இல்லீங்கன்னு சொல்லிக்கலாம். எழுதினதுல வச்சா எப்பிடித் தப்பிக்கிறது?"

"ஆமா புள்ள" என்றார்கள் மற்றவர்கள். "சேர் தங்கமான ஆளு. அதுக்காக எங்கள உள்ள போகச் சொல்றியா?"

அன்றுதான் எனக்கு விளங்கியது. ஐயா நம்மை ஏமாற்றினார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பாதியைத்தான் செய்தார். எழுதியிருந்தால் பொறுப்பு வரும், எழுதாமல் இருந்தால் வராது. தெரியாமல் இருப்பது உங்களுக்கு ஒரு கூரை. தகரம் வராத வீட்டில் அந்தக் கூரை ஒன்றுதான் ஒழுகாமல் இருந்தது. இதை உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே மூன்றரை வருடம் உட்கார்ந்து எழுதியவள் நான்.

முந்தாநாள் அஞ்சலி எழுதப் போன என்னிடம் ஐயாவின் தம்பி கேட்டார். அவரைத்தான் இப்போது எல்லோரும் சின்ன மெம்பர் என்கிறார்கள். "ஏம்புள்ள, ஒன் மேசையில ஒரு கட்டு இருந்துச்சே, பாத்தியா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான் பாக்கலீங்க."

"சரி. எழுதி முடி. ஒரு நாளைக்கு லயத்துப் பக்கம் வந்து நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் மூன்று விரல்களையும் பிடித்து, அண்ணனைப் போலவே தாளில் வைத்து அளந்து பார்த்தார்.

அஞ்சலியின் முடிவில், இறந்தவரிடமிருந்து நாம் எதை வைத்திருக்கிறோம் என்று எழுதுவது வழக்கம். நாளை வாசிக்கும் தாளில் "அவரது அஞ்சாத நெஞ்சம்" என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் ஐயாவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை: இந்தப் பேனை. பத்து வெள்ளைத்தாள்கள், அவற்றை விடிவதற்குள் எரித்துவிடுவேன். மூன்று விரல் இடத்தை அளக்கிற கண்.

பதினோராவது தாளில் எழுதிவிட்டேன். அம்மாவின் "ச" இருக்கிற தாள். சேரைப் பற்றி முன்பு எழுதியது எல்லாம் பொய், விளக்கு எரிந்தது கொப்பி திருத்த என்று சிங்களத்தில் எழுதினேன். உங்களைக் கேட்காமல் உங்கள் விரல்களுக்கு மேலே எழுதுவது இதுதான் கடைசி. விஷயம் முடிந்தபோது இரண்டு வரிக்கு இடம் மீதி இருந்தது. தாழ்மைச் சொற்களைப் போடவில்லை. "முந்திய பெட்டிசனையும் இதையும் எழுதியவள் நான். கீழே விரல் வைத்தவர்களுக்கு இரண்டுமே தெரியாது" என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டேன். விரல் வைத்துப் பார்த்தேன். சரியாக மூன்று விரல்.

முதல் பஸ்ஸில் பாதரிடம் போகவேண்டும். அதுவரை இந்த விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் முழு லயத்திலும் எங்கள் ஜன்னல் மட்டும்தான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழும்பிவிட்டாள். யாரு என்று கேட்கிறாள். மறுபடியும் தட்டுகிறார்கள். அம்மா, திறக்க